கார்த்திகைக்குக் கணக்குப் போடுங்கள், சித்திரைக்கு வேண்டாம்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. மின்கம்பம் அரை கிலோமீட்டருக்கு அப்பால். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். நானும் என் மனைவியும் இந்த ஐப்பசியிலிருந்து தை அறுவடை முடியும்வரை மின்வாரிய இணைப்பு இல்லாமல் அங்கே தங்க நினைக்கிறோம். ஒரு கிலோவாட் சோலாரும் இரண்டு பேட்டரியும் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா? தண்ணீருக்கும் சமையலுக்கும் என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது சித்திரைக் கணக்கு. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் பலகை நாளொன்றுக்கு நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அடைமழையில் வானம் நாள் முழுக்க மூடிக் கிடந்தால் அதே பலகையிலிருந்து ஒரு யூனிட் வந்தாலே பெரிது. அரை யூனிட்டோடு நின்றுவிடும் நாளும் உண்டு. ஆண்டுச் சராசரியை நம்பி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி நகராமல் நின்றால் டெல்டாவில் நான்கைந்து நாள் வெயிலே தலைகாட்டாது. அந்த ஐந்து நாளைத் தாண்டும்படி ஏற்பாடு செய்துகொண்டால் மற்ற நாள்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் மின்சாரச் செலவைப் பார்ப்போம். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மாலையிலிருந்து ஐந்து மணி நேரம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை முப்பது வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம், கைபேசி, மோடம், சிறிய தொலைக்காட்சி மூன்று மணி நேரம், மிக்ஸி பத்து நிமிடம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1.2 யூனிட் ஆகும். மார்கழிக் குளிரில் மின்விசிறி எதற்கு என்று கேட்கலாம். தோப்பு வீட்டில் கொசுவோடு ஓர் இரவு கழித்தால் தெரிந்துவிடும். பழைய எழுபத்தைந்து வாட் மின்விசிறிகளை அப்படியே வைத்துக்கொண்டால் அவை இரண்டுமே ஒன்றரை யூனிட்டைத் தின்றுவிடும். ஆகையால் முதல் செலவு மின்விசிறியை மாற்றுவதாக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட் தனியாக வேண்டும். இந்த ஆண்டு அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, எந்த விலைப்பட்டியலிலும் காட்டாத ஒரு செலவு. பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், எதையும் ஓட்டாமல் சும்மா இருந்தாலும் இருபது வாட் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் அது அரை யூனிட். வெயில் காலத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. அடைமழையில் உங்கள் பலகை தரும் மொத்த வருமானமே அவ்வளவுதான். ஆகவே விளக்கும் மின்விசிறியும் பேட்டரியிலிருந்து நேரடியாக ஓடும் டி.சி. வகையாக இருக்கட்டும். 12 வோல்ட் பேட்டரி இரண்டையும் தொடராக இணைத்தால் 24 வோல்ட். வாங்கும் பொருளும் 24 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். மிக்ஸிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு உடனே அணைத்துவிடலாம்.

பேட்டரிக்கு வருவோம். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டில் கணக்குப்படி 3.6 யூனிட் இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 1.8 யூனிட். கடைக்காரர் சொன்ன ஒரு கிலோவாட்டில், இன்வெர்ட்டரையும் அணைக்காமல் வைத்தால், அடைமழையில் செலவு 1.7 யூனிட், வரவு அரை யூனிட் என்று தினமும் 1.2 யூனிட் பற்றாக்குறை விழுந்து இரண்டாம் நாளே இருட்டில் உட்காருவீர்கள். பலரும் இதற்கு மருந்தாக இன்னும் இரண்டு பேட்டரி வாங்குவார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். பலகையை இரண்டு கிலோவாட் ஆக்குங்கள். பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பேட்டரியை ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். மேலும், மழை நாளில் பேட்டரி எத்தனை இருந்தாலும் அவற்றை நிரப்ப ஏதாவது வேண்டுமே. இரண்டு கிலோவாட் இருந்தால் மோசமான நாளிலும் ஒரு யூனிட் அளவுக்குக் கிடைக்கும். இன்வெர்ட்டரை அணைத்து வைத்து, தொலைக்காட்சியையும் ஐந்து நாள் மறந்தால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். பலகையிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், பலகையின் முழுத்திறனையும் கறக்கும் எம்.பி.பி.டி. வகையாக இருக்கட்டும். மழை விட்டதும் பேட்டரி முழுதாக நிரம்பும்வரை தண்ணீர் மோட்டார் போடாதீர்கள். அரைகுறையாக நிரம்பிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே வைத்தால் அது கெட்டுப்போகும்.

தோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான். பலகைக்கு இடம் பார்க்க ஆட்கள் பெரும்பாலும் கோடையில் வருவார்கள். ஆனி மாத நண்பகலில் சூரியன் உங்கள் ஊருக்குச் சற்று வடக்கே நிற்கும். ஐம்பதடித் தென்னையின் நிழல் தெற்குப் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு அடிக்குமேல் நீளாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அதே மரத்தின் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி முப்பத்துநான்கு அடி வரை நீளும். காலை ஒன்பது மணிக்கு அதைவிட அதிகம். கோடையில் பளிச்சென்று தெரிந்த இடம் உங்களுக்குத் தேவையான மாதங்களில் நிழலில் கிடக்கும். ஒரே ஒரு கீற்றின் நிழல் பலகையின் குறுக்கே விழுந்தாலும் மறைத்த பரப்பைவிடப் பல மடங்கு உற்பத்தி குறையும். நெல் காயப்போடும் களம் இருக்குமானால், அதன் வடக்கு விளிம்பில், தெற்கு நோக்கி, பதினைந்து பாகை சாய்வில் அமையுங்கள். தென்புறத்து மரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கம்பி நீளம் கூடுவதால் வரும் இழப்பைத் தடித்த கம்பி போட்டுச் சரிக்கட்டலாம்.

தள்ளி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது உங்கள் பகுதித் தென்னைகள் என்ன ஆயின என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரம் விழுந்தால் எட்டாத தூரத்தில் பலகை இருக்க வேண்டும். ஓட்டுக் கூரைமேல் ஏற்றவே வேண்டாம். தரையில் கான்கிரீட் அடித்தளம், துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், ஒவ்வொரு பலகைக்கும் நான்கு மூலையிலும் போல்ட். கான்கிரீட் வேலையை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு டெல்டாக் களிமண்ணில் குழி தோண்டினால் குழியில் தண்ணீர்தான் நிற்கும். ஐப்பசியில் இடி அதிகம் என்பதால் எர்த்திங்கும் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் கருவியும் கட்டாயம்.

மானியம் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரை அமைப்புகளுக்குத்தான். அந்த வகையில் பேட்டரி இல்லையென்றால் ஊரில் மின்சாரம் போகும்போது வீட்டுச் சோலாரும் தானாக நின்றுவிடும். உங்களுக்கு அது உதவாது. எதிர்காலத்தில் கம்பம் பக்கத்தில் வந்தால் இணைப்பை வாங்கிப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் கொடுக்கும் மாநிலத்தில் மின்வாரியத்தோடு கொள்கைச் சண்டை போட்டு லாபமில்லை.

தண்ணீருக்கு, ஆயிரம் லிட்டர் தொட்டியும் வெயில் நாளில் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் மட்டும் ஓடும் சிறிய சோலார் மோட்டாரும் போதும். இருவர் வாளியில் குளித்துத் துவைத்தால் தொட்டி ஐந்து நாள் வரும். எதற்கும் ஓர் அடிபம்பு இருக்கட்டும். உங்கள் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள். உப்பு என்றால் குடிக்கக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய தொள்ளாயிரம் லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வலைத்துணியால் வடிகட்டி, மூடிய தொட்டியில் சேர்த்து, காய்ச்சிக் குடியுங்கள். கழிப்பறையையும் இப்போதே பாருங்கள். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறினால் உறிஞ்சுகுழி உள்வாங்காது, கோப்பையில் நீர் இறங்காது. குழியும் கழிப்பறைத் தரையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பழைய வெள்ளத்தைப் பார்த்த அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள்.

சமையலுக்கு எரிவாயு சிலிண்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதை மூழ்கினால் வண்டி வராது. இரண்டு மாடு இருப்பதால் சாண எரிவாயு அமைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கன மீட்டர் கலனுக்கே நாளொன்றுக்கு ஐம்பது கிலோ அளவுக்குச் சாணம் வேண்டும், அதற்கு நான்கைந்து மாடு வேண்டும். தோப்பில் மட்டையும் பாளையும் பன்னாடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. புரட்டாசி வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டால் வெந்நீருக்கும் சோற்றுக்கும் அதுவே ஓடிவிடும்.

கடைசியாக, ஐந்து நாள் ஏழாக நீண்டால் என்ன செய்வது? அதற்காக மேலும் பேட்டரி வாங்குவதைவிட ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வது மேல். பகலில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். மழைக்குப் பயந்து அதைத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஓட்டிவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். வீட்டிலிருந்து இருபதடிக்கு அப்பால், காற்று வீட்டுப் பக்கம் வராத திசையில், தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் வையுங்கள். மார்கழிக் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோய்க் கதவை அடைத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான்.