மீன் வாங்கினவரே பொட்டலமும் கட்டட்டும்

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்குப் பாறசாலையில் வேலை. சாயங்காலம் வரும் வழியில் களியக்காவிளைச் சந்தையில் சாளை மலிவாகக் கிடைத்தால் மூணு கிலோ வாங்கி வந்து, கருப்பு கவரோடு அப்படியே ஃப்ரீசருக்குள் திணித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அதோடு எங்கம்மா கொடுத்துவிட்ட சக்கைச் சுளை, தேங்காய்த் துருவல், என்னவென்றே தெரியாத நாலைந்து உருண்டைகள். நானும் வேலைக்குப் போகிறவள்தான். கேட்டால், "வாங்கிட்டு வாறதும் வேலைதானே" என்கிறார். போன வாரம் மசாலா எல்லாம் அரைத்துவிட்டு மீன் என்று எடுத்துப் பிரித்தால், சக்கைச் சுளை! ஃப்ரீசரை எப்படித்தான் ஒழுங்குபடுத்துவது?
- பெயர் வேண்டாம், குழித்துறை

பதில்: அந்த மசாலாவை என்ன செய்தீர்கள் என்று கேட்க ஆசைதான், வேண்டாம்.

வாங்குவது வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். நல்ல மீன் பார்த்து எடுக்க ஒரு கண் வேண்டும். இன்னொரு நியாயமும் அவர் பக்கம் இருக்கிறது: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை, அந்த 61 நாளும் மீன் விலை ஏறும் என்று முன்கூட்டியே வாங்கிப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் கவர் உள்ளே போன நிமிஷம் அவர் வேலை முடிகிறது, உங்களுக்குச் செதில் உரசி, குடல் எடுத்து, கழுவி, அப்புறம் உள்ளே என்ன கிடக்கிறது என்று மாசக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிற வேலை தொடங்குகிறது. இந்தக் கடைசி வேலையை எந்த வீட்டிலும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ஃப்ரீசரை முழுசாக அவர் பொறுப்பில் விடுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் ஒவ்வொன்றையும் நீங்கள்தான் பின்னாலேயே நின்று சொல்ல வேண்டிவரும்.

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சாளை கொழுப்புள்ள மீன், மைனஸ் 18 டிகிரியில் வைத்தாலும் காற்றுப்பட்டால் மெல்ல மெல்லக் காறிப்போகும், ரெண்டு மூணு மாசத்துக்குள் தின்றுவிடணும். மூணு கிலோவும் ஒரே கட்டியாகக் கிடந்தால் நடுப்பகுதி உறைய ரொம்ப நேரமாகும், அதற்குள் பெரிய பெரிய ஐஸ் துகள் உண்டாகி சதையைக் கிழித்துவிடும், குழம்பில் போட்டால் கொழகொழவென்று கரையும். அதனால் அன்றைக்கே சுத்தம் பண்ணி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தட்டையாகப் பரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, மேலே டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதட்டும். தட்டைப் பொட்டலங்களைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்கலாம், சக்கைக்கும் தேங்காய்க்கும் தனி டப்பா போதும். இன்னொன்று, குளிர் கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். சாளையும் அயிலையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்து உடம்பு சிவந்து அரிக்கும், அது உறைய வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சமைக்கிற அன்று காலையில் அடுப்பங்கரைத் திண்டில் வைத்து உருக வைக்க வேண்டாம், முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் சரி.

இதைச் சொல்கிற நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. கல்யாணமான புதிதில் ஒட்டிக்கிடந்த ஐஸைக் கத்தியால் குத்திக் குழாயை ஓட்டையாக்கி, கேஸ் எல்லாம் போய், புது ஃப்ரிட்ஜ் வாங்கினவன். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டு ஃப்ரீசர் என் பொறுப்பில் வந்தது, தண்டனையாக.

கேள்வி: மழைக்காலத்தில் கரண்ட் போனால் சில சமயம் மறுநாள்தான் வருகிறது. உள்ளே இருப்பதைத் தின்னலாமா?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எடுத்துப் பார்க்கும்போது ஐஸ் துகள் மிச்சமிருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். ஊருக்குப் போகிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, யோசிக்காமல் மீனைத் தென்னை மூட்டில் புதைத்துவிடுங்கள்.