பழைய சர்வரை அப்பார்ட்மென்ட்டில் ஓட்ட 240 வோல்ட் வேண்டுமா?

கேள்வி: டாலஸ் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறேன், வாடகை அப்பார்ட்மென்ட். கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் பவர்எட்ஜ் ஆர்720 இரண்டு சல்லிசாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் 1100 வாட் பவர் சப்ளை இரண்டு. வீட்டில் இருப்பது 120 வோல்ட்தானே, தாங்குமா? டிரையர் பிளக்கில் 240 இருக்கிறது என்கிறார்கள், அதில் போடலாமா? இன்னொருவர் எச்பி சி7000 பிளேடு பெட்டியை (பிளேடு எனும் மெல்லிய சர்வர்கள் பலவற்றை ஒன்றாகச் செருகும் பெரிய பெட்டி) சும்மாவே தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: தம்பி, ஆர்720 இரண்டும் சாதாரணச் சுவர் பிளக்கிலேயே ஓடும். டிரையர் பக்கம் போகவே வேண்டாம். சி7000-ஐச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் அந்த 1100 வாட் பயத்தை விடுங்கள். அது சப்ளையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. சர்வர் எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. இரண்டு சப்ளை இருப்பதும் ஒன்று போனால் மற்றது தாங்கத்தான், 2200 வாட்டுக்காக இல்லை. இ5-2650 வி2 பிராசசர் இரண்டு, 64 ஜிபி மெமரி, எஸ்எஸ்டி இரண்டு போட்ட ஆர்720 சும்மா இருக்கும்போது 100 முதல் 130 வாட் வரை எடுக்கும். எல்லாக் கோர்களையும் முடுக்கினால் 300, 350. சுழலும் 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 10 வாட் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு டிஸ்க் அடுக்கினால் அதுவே 50 முதல் 80 வாட்.

வாங்குமுன் சப்ளையின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '100-240வி, 12ஏ-6.5ஏ' என்பது போல் இருந்தால் 120-லும் ஓடும், தானாகவே மாறிக்கொள்ளும். '200-240வி' என்று மட்டும் இருந்தால் இங்கே சுவரில் செருகினால் உயிரே வராது. சிலவற்றில் இரண்டு வரி இருக்கும்: 240-ல் இத்தனை வாட், 120-ல் அதைவிடக் குறைவு. உங்கள் சுமைக்கு அந்தக் குறைந்த வாட்டே தாராளம். ஊர் மிக்ஸிக்காக வாங்கிய ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரை இதற்கு நடுவில் வைக்காதீர்கள்; வீண் சூடு, வீண் இழப்பு.

அடுத்தது சுவர். படுக்கையறையிலும் ஹாலிலும் இருப்பது பெரும்பாலும் 15 ஆம்ப் சர்க்யூட், அதாவது 1800 வாட். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம்தான் கணக்கு: 12 ஆம்ப், 1440 வாட். பிளக்கின் ஒரு துளை படுத்த 'டி' மாதிரி இருந்தால் அது 20 ஆம்ப். அதற்கு 16 ஆம்ப், 1920 வாட். உங்கள் இரண்டு சர்வரும் முழு மூச்சில் ஓடினால் 700 வாட், ஆறு ஆம்புக்கும் குறைவு. தாராளமாகத் தாங்கும்.

பிரச்சினை சர்வரால் வராது, கூடவே அதே பிரேக்கரில் என்ன தொங்குகிறது என்பதால் வரும். இங்கே இரண்டு அறைகளும் ஒரே பிரேக்கரில் இருப்பது சர்வசாதாரணம். ஏற்கெனவே 700 வாட் ஓடுகிற இடத்தில் 1500 வாட் ஸ்பேஸ் ஹீட்டரையோ வேக்குவம் கிளீனரையோ போட்டால் ட்ரிப் ஆகும். பேனல் கதவில் பென்சிலில் கிறுக்கியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு டேபிள் விளக்கை எடுத்துக்கொண்டு, பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்து, எந்த பிளக் எதில் இருக்கிறது என்று நீங்களே குறித்துவையுங்கள். அரை மணி நேர வேலை. இரண்டு சப்ளைக்கும் இரண்டு பவர் கயிறு போட்டாலும் இரண்டும் ஒரே பிரேக்கரில் இருந்தால் ஒன்று போட்ட மாதிரிதான்.

சுமையே இல்லாமலும் ட்ரிப் ஆகலாம். சர்வர் சப்ளையின் பில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரன்ட் எப்போதும் எர்த்துக்குக் கசியும், ஒவ்வொன்றுக்கும் 3.5 மில்லி ஆம்ப் வரை தரம் அனுமதிக்கிறது. பாத்ரூம், கராஜ், துணி துவைக்கும் இடங்களில் இருக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் (ஷாக் அடிக்காமல் இருக்க, கரன்ட் கசிந்தால் வெட்டும் பிளக்) 4 முதல் 6 மில்லி ஆம்புக்குள் வெட்டிவிடும். நான்கு சப்ளையை அதில் கட்டினால் கூட்டுக் கசிவிலேயே விழலாம். அதனால் அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். அதற்காக எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டும் ஆட்களும் உண்டு; அப்புறம் அந்தக் கசிவு இரும்புப் பெட்டியைத் தொடுகிறவர் வழியாகத்தான் போகும்.

கட்டடம் 1965-73 காலத்தது என்றால் அலுமினிய வயரிங் இருக்க வாய்ப்புண்டு, அப்பார்ட்மென்ட் ஆபீசில் கேளுங்கள். எதுவானாலும், முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை; சுட்டால் உடனே கழற்றி மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்கள். கயிறு சர்வர் பக்கம் சி13, சுவர் பக்கம் நீமா 5-15 (இங்கத்திய சாதாரண மூன்று பின் பிளக்), 14 கேஜ் போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வேண்டாம்.

இனி கரன்ட் பில். உண்மையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். இரண்டு சர்வரும் சும்மா இருந்தாலே 240 வாட். ஒரு நாளைக்கு 5.76 யூனிட், மாதம் சுமார் 173. யூனிட் 15 சென்ட் என்று வைத்தால் 26 டாலர், வருடத்துக்கு 315. டெக்சஸ் கோடையில் இதோடு முடியாது: எடுக்கும் கரன்ட் முழுக்கச் சூடாகத்தான் மாறுகிறது, 240 வாட் என்பது மணிக்கு 819 பிடியு (ஏசிக்காரர்கள் சூட்டை அளக்கும் அலகு). அதை வெளியே தள்ள ஏசி இன்னும் 80 வாட் போல எடுக்கும். கதவு மூடிய க்ளாசெட்டில் வைத்தால் சர்வரே தன் சூட்டில் வெந்து, ஃபேன் ஜெட் விமானம் மாதிரி கத்தும்.

உங்கள் பிளானின் 'எலெக்ட்ரிசிட்டி ஃபாக்ட்ஸ் லேபிள்' தாளில் 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை போட்டிருக்கும். சில பிளான்களில் 1000 தாண்டினால்தான் தள்ளுபடி. மாதம் 900 எடுக்கிறவர் சர்வர் வைத்த பிறகு பில் குறைந்து வருவதும் நடக்கும்! ஆனால் ஏசி ஓடாத மாதத்தில் 1000-க்குக் கீழே விழுந்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும். ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ் தளத்தில் பதிவு செய்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் மீட்டர் என்ன காட்டியது என்று பார்க்கலாம். சர்வருக்கு மட்டும் தனியாகப் பார்க்க, கில்-எ-வாட் மீட்டர் ஒன்று வாங்கி நடுவில் செருகுங்கள். சர்வருக்குள்ளேயே இருக்கும் டெல்லின் நிர்வாகக் கருவியான ஐடிராக்கும் வாட் காட்டும், ஆனால் குறைந்த சுமையில் அதன் கணக்கு அவ்வளவு துல்லியமில்லை.

குறைக்க வழி உண்டு. டேட்டா சென்டரிலிருந்து வரும் பெட்டிகளில் பயாஸ் சிஸ்டம் ப்ரொஃபைல் பெரும்பாலும் 'பெர்ஃபார்மன்ஸ்' என்றே இருக்கும். 'பெர்ஃபார்மன்ஸ் பெர் வாட்' என்று மாற்றுங்கள், சி-ஸ்டேட்டுகள் (வேலையில்லாத கோரைத் தூங்கவைக்கும் வசதி) இயங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது சப்ளையைக் கழற்றிவிட்டு மூடித் தகட்டைப் போட்டால் பத்து வாட் சுற்றளவில் மிச்சம். கழற்ற மனமில்லை என்றால் ஐடிராக்கில் 'ஹாட் ஸ்பேர்' போட்டு அதைத் தூங்கவையுங்கள். இரண்டாவது பிராசசரைக் கழற்றினால் இன்னும் குறையும், ஆனால் பாதி மெமரி ஸ்லாட்டும் கார்டு செருகும் சில பிசிஐ ஸ்லாட்டும் செத்துவிடும். குறைந்த வாட் 'எல்' வகைப் பிராசசர் தேடி அலையாதீர்கள்; அது உச்சத்தைத்தான் கட்டுப்படுத்தும், சும்மா இருக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் கோப்பு சேமிப்பும் ஒன்றிரண்டு கன்டெய்னரும் (தனித்தனியாக ஓட்டும் சின்ன மென்பொருள்) போதும் என்றால், 10-15 வாட்டில் ஓடும் பழைய ஆபீஸ் மினி பிசி ஒன்றே போதும். என்னைக் கேட்டால் ஆர்720-யும் ஒன்றே வாங்குங்கள்.

யூபிஎஸ் வாங்கினால் சுத்தமான சைன் வேவ் கொடுப்பதாகப் பாருங்கள். படிப்படியான அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸில், பேட்டரிக்கு மாறும் கணத்தில் சர்வர் அணைந்துவிடலாம். ஏபிசி ஸ்மார்ட்-யூபிஎஸ் 1500 சாதாரண பிளக்கில் செருகும். செகண்ட் ஹாண்டில் 3000 மலிவாக வரும், ஆனால் அதன் பிளக் திருகிப் பூட்டும் எல்5-30. அந்தத் துளை உங்கள் வீட்டில் இருக்காது. பவர் போய் வரும்போது இரண்டு சர்வரும் ஒன்றாக எழாமல் இருக்க, பயாஸில் 'ஏசி பவர் ரெகவரி டிலே' ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக வையுங்கள்.

240 சமாச்சாரம்: ஊரில் ஒரு கம்பி லைன், ஒன்று நியூட்ரல். இங்கே 240-ல் இரண்டுமே லைன். சில பெரிய கட்டடங்களில் அதுவே 208 ஆக இருக்கும். சப்ளைக்கு இரண்டும் ஒன்றுதான், 120-ஐவிடத் திறன் ஓரிரு சதவீதம் கூடும், அவ்வளவே. டிரையர் சர்க்யூட் 30 ஆம்ப். அதில் சர்வர் கயிற்றை நேராக இணைத்தால் கயிறு உருகினாலும் பிரேக்கர் விழாமல் போகலாம். நடுவில் தனித்தனி பிரேக்கர் வைத்து பவரைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி வேண்டும். பழைய மூன்று துளை 10-30 என்றால் அதில் எர்த்தே கிடையாது. புதிதாக லைன் இழுக்க வீட்டுக்காரர் அனுமதியும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியனும் வேண்டும்.

சி7000-க்கு 200-240 வோல்ட், தடித்த சி19 கயிறுகள், ஆறு சப்ளை, பத்து ஃபேன். பிளேடு ஒன்றிரண்டு போட்டாலே சில நூறு வாட் போய்விடும். முழுதாக அடுக்கினால் 200 கிலோவைத் தாண்டும், மாடிப்படியில் யார் தூக்குவது? தருகிறவரிடம் பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜென்8 பிளேடுகளில் உள்ள மெமரியை மட்டும் கேட்டுப் பாருங்கள். டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு வகை என்றால் ஆர்720-ல் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். எல்ஆர்டிம் எனும் வேறு வகை மெமரிக் குச்சி கலந்திருந்தால் பிரித்து வையுங்கள்; இரண்டையும் சேர்த்துப் போட்டால் பூட் ஆகாது.