தாலி ஏறிவிட்டதால் அவள் அங்கேயே இருக்கிறாள்

‘எழுதுவதும் பெண்கள், படிப்பதும் பெண்கள். அப்படியும் தமிழ்க் காதல் நாவல்களில் ஆணாதிக்கம் ஏன் குறையவில்லை?’ என்பது கேள்வி.

அம்மா வாடகை நூலகத்தில் எடுத்துவரும் மாத நாவல்களைப் பள்ளி நாட்களில் ஒளித்துவைத்துப் படித்தவள் நான். இப்போது கைபேசியில் தொடர்கதைகள் படிக்கிறேன். இந்த வகைக் கதைகள் எனக்குப் பிடிக்கும். அந்த உரிமையில்தான் கோபமும் வருகிறது.

‘ஆன்டி ஹீரோ’ கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பகைக்காக அவளைத் தூக்கிவந்து தாலி கட்டுவான். அறைவான். யாருடனாவது சிரித்துப் பேசினால் கையை முறுக்குவான். பத்து அத்தியாயம் கழித்து அவனுடைய சிறு வயதுத் துயரம் பிளாஷ்பேக்காக வரும். அவள் அழுதுகொண்டே அவன் தலையைக் கோதிவிடுவாள். அவள் வாங்கிய அறையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசுவதில்லை. அவள் பார்த்துவந்த வேலை என்ன ஆனது என்றும் தெரியாது. ஜீன்ஸ் போட்டு, உதட்டுச் சாயம் பூசிய அத்தை மகள் இருந்தால் அவள்தான் வில்லி.

நான் படித்த ஒரு கதையில் நாயகி சட்டக் கல்லூரி மாணவி. அவளும் ‘தாலி ஏறிடுச்சே’ என்று உட்கார்ந்துவிடுகிறாள். மிரட்டிச் செய்த திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே சொல்கிறது. மிரட்டல் நீங்கிய ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கட்டாயத் திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் 10 ஆண்டுவரை சிறை. அவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? படுக்கையறை விஷயத்தில்தான் சட்டமே நாவலைப் போல இருக்கிறது. மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவனின் பலாத்காரம் வன்புணர்வுக் குற்றத்தில் சேராது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்திலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது.

சரி, பெண்கள் ஏன் இதை விரும்பிப் படிக்கிறோம்? கடைசி அத்தியாயத்தில் அவன் உடைந்து அழுது மன்னிப்புக் கேட்பானே, அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். வீட்டு ஆண்கள் யாரும் ஒருநாளும் ‘தப்பு என்மேல்தான்’ என்று சொல்லிக் கேட்டிராதவர்களுக்கு அந்தக் காட்சி அவ்வளவு இனிக்கும். எனக்கும் இனித்திருக்கிறது. ஆனால் அந்த அழுகை பெரிதாக வேண்டுமென்றால் அதற்கு முன் அவன் செய்யும் கொடுமையும் பெரிதாக வேண்டியிருக்கிறது. தொடரின் ஒவ்வொரு யூடியிலும் (புதிய பகுதியிலும்) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள்.

போன மாதம், கல்யாணம் நிச்சயமான என் அக்கா மகள் சொன்னாள்: “என் போன் பாஸ்வேர்டை எல்லாம் வாங்கி வச்சிருக்கார் சித்தி. அவ்ளோ பொசசிவ்!” முகமெல்லாம் சிரிப்பு. அவளும் நானும் ஒரே தொடர்களைத்தான் படிக்கிறோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு தொடரில், ‘இந்த இடத்தில் அவள் கிளம்பியிருக்க வேண்டும்’ என்று கருத்து எழுதினேன். ‘கிளம்பிட்டா கதை முடிஞ்சிடுமே சிஸ்’ என்றார் எழுதியவர். ஏன் முடிய வேண்டும்? அவள் போய் ஒரு மகளிர் விடுதியில் தங்கி வேலைக்குப் போகட்டும். அவன் அந்த விடுதி வாசலில் வந்து நிற்கட்டும். உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று அவள் யோசிக்கட்டும். அதை நான் விடிய விடியப் படிப்பேன்.