ஒரே எண்ணில் இரண்டு படங்கள்: முதலில் கடிகாரம், பிறகு பெயர்

வணக்கம் ஐயா. கும்பகோணத்துத் திருமணத்தில் இரண்டு நிக்கான் கேமராக்களிலும் தங்கள் அண்ணன் மகனின் கைப்பேசியிலும் எடுத்த படங்களை ஒரே கோப்புறையில் சேர்த்தபோது, டிஎஸ்சி_0412 என்ற பெயரில் இரு கோப்புகள் மோதியதாகவும், தாராசுரம் கோயில் படங்கள் முகூர்த்தத்துக்கு முன்னால் வந்து நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நிக்கான் கேமரா கோப்புப் பெயரில் இடும் எண் 9999-க்குப் பின் 0001-க்குத் திரும்பிவிடுவதால், ஒரே கேமராவிலும் இம்மோதல் நேரும்.

பெயரைத் தொடும் முன் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். கேமராக்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே வரிசை குலைவதற்குக் காரணம். மூன்று கருவிகளிலும் பதிவாகியிருக்கும் தாலி கட்டும் நொடியை எடுத்துக்கொண்டு, கைப்பேசியின் நேரத்தை அளவாக வைத்து, ஒவ்வொரு கேமராவும் எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்று கணக்கிட்டால், எக்சிஃப்டூல் என்னும் இலவச மென்பொருளால் அந்தக் கேமராவின் படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒருசேர நகர்த்திவிடலாம். இதை நகலில் மட்டுமே செய்யுங்கள். திருமணப் படங்களை மீண்டும் எடுக்க முடியாது.

பிறகு 20250210_063215_நி1_0412 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள், நேரம், கேமராக் குறி, பழைய எண் என்று பெயரிட்டால், பெயர் வரிசையே கால வரிசையாகும். பல நிக்கான் மாடல்களில் டிஎஸ்சி என்ற மூன்றெழுத்தை மெனுவிலேயே மாற்றலாம். அடுத்த விசேஷத்துக்கு முன் இரண்டிலும் வெவ்வேறாக வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எடுத்த நேரம் அழிந்திருக்கும். அவற்றை மட்டும் ஆவணமாக மீண்டும் அனுப்பும்படி அண்ணன் மகனிடம் கேளுங்கள்.