காலையில் காடு, மத்தியானம் மாமா வீடு: வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினாலே வருகிற கேள்விகளில் பாதி காரில் ஊர் சுற்றுவது பற்றித்தான். இந்த முறை கடலூர், புதுச்சேரி பக்கம் வருகிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான், கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் திருப்பூரிலிருந்து காரில் கிளம்புகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பண்ருட்டியில் சித்தப்பா, கடலூர் முதுநகரில் அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் மனைவியின் அக்கா. ஒரு வீட்டையும் விடக்கூடாது என்கிறார் அம்மா. படகு, மலைக்கோட்டை, கடல் என்கிறார்கள் பிள்ளைகள். ஒரு வாரம்தான் லீவு. போன வருஷம் மதுரைப் பக்கம் போய் வீடு வீடாகக் காபி குடித்தே லீவு தீர்ந்துபோனது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?
— ஒரு வாசகர், திருப்பூர்

வெயிலை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் விஷயம். நீங்கள் வருவது கத்திரி வெயிலில். காலை ஒன்பதரைக்கு மேல் எங்கள் ஊரில் திறந்தவெளியில் நின்று எதையும் ரசிக்க முடியாது. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை மனிதன் இருக்க வேண்டிய இடம் ஃபேனுக்குக் கீழே பாயில், அதுவும் நல்ல சாப்பாட்டுக்கு அப்புறம். சொந்தக்காரர் வீடு இதற்கென்றே அமைந்த இடம். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. ராத்திரி உறவினர் வீட்டில் தங்குவது, காலையில் எல்லாரும் வரிசையாகக் குளித்து, "இட்லி ஊத்தியாச்சு, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று உட்காரவைக்கப்பட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இன்னொரு அரைமணி பேசி, பன்னிரண்டு மணிக்குக் கோட்டை வாசலில் போய் இறங்குவது. பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

அதனால் ரூம் போட்டுவிடுங்கள், கடலூரில் ரெண்டு ராத்திரி, சிதம்பரத்தில் ரெண்டு ராத்திரி. "எங்க வீடு இருக்கும்போது ரூமா?" என்று கோபம் வரும். "பசங்க அஞ்சு மணிக்குக் கிளம்பணும்ங்கறாங்க, உங்க தூக்கம் கெடும்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. அம்மாவை மட்டும் அவர் தம்பி வீட்டிலேயே ரெண்டு நாள் விட்டுவிடுங்கள். கோட்டையும் படகும் அவர் கேட்டதில்லை, அக்காவும் தம்பியும் நடுவில் யாரும் குறுக்கிடாமல் பேசுவதற்குத்தான் அவர் வருகிறார்.

வழி: சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து சென்னை சாலையில் மடப்பட்டு வரை வந்து வலப்பக்கம் பண்ருட்டிக்குத் திரும்புங்கள். கள்ளக்குறிச்சி தாண்டும்போது கல்வராயன் மலை அருவிகளுக்கு ஒரு எட்டுப் போகலாமா என்று தோன்றும். மழை முடிந்து வந்தால் போங்கள், மே மாதத்தில் பாறையைத்தான் பார்ப்பீர்கள்.

பண்ருட்டியில் அது பலாப்பழ சீசன். சித்தப்பாவுக்கோ தெரிந்தவர்களுக்கோ தோப்பு இருந்தால் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். அடிமரத்திலேயே பழம் ஒட்டிக்கொண்டு தொங்குவதையும், முந்திரிப் பழத்துக்கு வெளியே கொட்டை நிற்பதையும் நகரத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும். முந்திரிக்கொட்டையை மட்டும் பல்லால் கடிக்க விடாதீர்கள், தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் வாய் வெந்துபோகும். சாயங்காலம் அம்மாவுக்குத் திருவதிகை. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததாகச் சொல்கிற கோயில் அது. அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது மிதந்து கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் கடலூரில் இருக்கிறது, மறுநாள் அங்கே போனால் அம்மாவுக்குக் கதை முழுதாக முடியும்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் படகும் கட்டுமரமும் பக்கத்துக் கடலில் போய்வரும், ஆனால் வரத்து குறைவு, நல்ல மீன் யானை விலை. முதுநகர் மாமா வீடு என்றதும் வஞ்சிரம் வறுவலைக் கனவு கண்டுகொண்டு வராதீர்கள். வருகிறவர்களுக்கு மீன் போடாவிட்டால் மரியாதை இல்லை என்று அவர் எவ்வளவு விலை கொடுத்தும் வாங்கிவிடுவார். முன்னாடியே போன் பண்ணி "கருவாட்டுக் குழம்பு வையுங்க, அதுக்குத்தான் வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள்.

பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா? எத்தனை மணிக்குப் போகலாம்?
— ஒரு வாசகி, சென்னை

துடுப்புப் படகு. மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் போகும், சீக்கிரம் சுற்றிக்காட்டிவிட்டு இறக்கிவிடும். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர் தண்ணீரில் ஊன்றி நிற்கிற, கிளைகள் தலைக்கு மேல் கூடுகிற ஒடுக்கமான வாய்க்காலுக்குள் நுழைய வேண்டுமானால் துடுப்புதான் சரி. சத்தமும் இல்லை, கொக்கு, நாரை, மீன்கொத்தியெல்லாம் பறந்து ஓடாமல் இருக்கும். காலையில் முதல் படகுகளில் ஏறப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் உள் வாய்க்கால்களில் படகு தரை தட்டும், அதனால் ஏறுவதற்கு முன் படகுக்காரரிடம் ஏற்றமா வற்றமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டோ எடுக்கக் கழற்றாதீர்கள்.

அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து கொஞ்ச நேரம் பார்வையே போய்விடலாம், பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற சதுப்பு நிலம் இது, 2022இல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் மற்ற ஊர்கள் அளவுக்குச் சேதப்படவில்லை என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகுக்காரரைக் கேளுங்கள், கூகுளைவிட நன்றாகச் சொல்வார்.

கடலூர் சில்வர் பீச், புதுச்சேரி கடற்கரைகளில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?
— ஒரு வாசகர், சேலம்

முழங்கால் அளவு, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். அது ஒரு இடுக்கு வழியாகச் சேர்ந்து வேகமாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், "இங்கே அலை கம்மி" என்று வெளியூர்க்காரர்கள் சரியாக அங்கேயே போய் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, களைத்து மூழ்கிவிடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். கயிறோ காலி கேனோ தூக்கிப் போடுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரில் விளையாடியே ஆக வேண்டும் என்றால் நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது, கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையிலேயே. கொஞ்சம் பெரிய பிள்ளைகள், நீச்சல் தெரியும் என்றால், கோட்டக்குப்பம் தந்திராயன்குப்பம் பக்கம் சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். அது ஆள் கூட இருந்து சொல்லிக்கொடுப்பது, தனியாகக் குதிப்பது வேறு.

அப்பாவுக்கு 70 வயது. செஞ்சிக் கோட்டை ஏறியே தீருவேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

கோட்டையின் உயரமான மலையான ராஜகிரி உச்சிக்கு வேண்டாம். ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். படிகள் சீராக இருக்காது, வெயிலில் பாறை கொதிக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன் மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரியால் மேலே வரமுடியாது. 1698இல் முகலாயர் இந்தக் கோட்டையைப் பிடிக்க எத்தனை வருஷம் முற்றுகை போட வேண்டியிருந்தது என்பது அந்த இடத்தில் நின்றால் புரிந்துவிடும்.

ஆனால் கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது. அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், வெங்கடரமணர் கோயில். அப்பாவை அங்கே நிழலில் உட்காரவைத்துத் தேசிங்கு ராஜன் கதையைப் பேத்திக்குச் சொல்லச் சொல்லுங்கள், 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டு இளம் வயதிலேயே இறந்தவன். நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள், பிற்பகலில் தாமதமாகப் போனால் மேலே ஏற விடமாட்டார்கள். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்குப் பை திறக்கவே தெரியும். மராட்டியர் கோட்டைகள் வரிசையில் 2025இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

திரும்பிப் புதுச்சேரிக்கு வரும்போது சற்று விலகினால் திருவக்கரை. கல்லாகிப்போன மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டு பழையவை, தரையில் கிடக்கின்றன. ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தை மாதம் பெரியப்பா தவறிவிட்டார், அப்போது போக முடியவில்லை. இப்போது டூர் வருகிற வழியில் கடலூரில் பெரியம்மாவைப் பார்க்கலாமா? டூர் உடையில் துக்கம் விசாரிக்கப் போவது சங்கடமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

போங்கள், போகாமல் கடலூரைத் தாண்டிப் போனீர்கள் என்று தெரிந்தால்தான் வருத்தம். ஆனால் அதை "வழியில்" செய்யாதீர்கள். அன்றைக்கு வேறு எந்த வீடும் வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுக்கு மட்டும் போங்கள். பூ, இனிப்பு எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாதாரண உடுப்பு போதும், கறுப்புக் கண்ணாடியையும் தொப்பியையும் காரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தெரியாது, காரிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அங்கிருந்து நேரே இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் நுழைந்தால் அவர்களுக்கு மனசு ஒப்பாது, ரூமுக்கே போய்க் குளித்துவிடுங்கள். பெரியம்மா பேசினால் நிறைய நேரம் உட்காருங்கள். டூர் வந்ததை மறைக்கவும் வேண்டாம், அவரே "பசங்களுக்குக் கடல் காட்டினியா?" என்று கேட்பார் பாருங்கள்.

நாங்கள் புதுச்சேரியில் இருக்கிறோம். லீவு விட்டால் மொத்தச் சொந்தமும் எங்கள் வீட்டில்தான். அவர்கள் ஊர் சுற்றுகிறார்கள், நான் அடுப்படியில். எனக்கு எப்போது லீவு?
— ஒரு வாசகி, புதுச்சேரி

மேலே திருப்பூர் வாசகருக்கு ரூம் போடச் சொன்னது உங்களை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான்.

காலை டிபனை வீட்டில் செய்வதை நிறுத்துங்கள். கடையில் வாங்கி வரச்சொல்லி வந்தவர்களில் ஒருவரை அனுப்புங்கள், காசையும் அவரே கொடுக்கட்டும், கொடுப்பார். காலை ஆறு மணிக்கு எல்லாரையும் ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ கிளப்புங்கள், நீங்களும் காரில் ஏறிக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் உங்கள் வீட்டுக்காரர் இறங்கி வீட்டில் குக்கர் வைக்கட்டும். மாதக்கணக்கில் அங்கேயே இருந்துகொண்டு ஊசுட்டேரியைப் பார்க்காத புதுச்சேரிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்புறம், அடுத்த வருஷம் அவர்கள் கிளம்புவதற்கு முன் நீங்கள் அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுங்கள்.

திரும்பும்போது மச்சான் ரெண்டு புட்டி எடுத்துக்கொண்டு வரலாம் என்கிறார். சும்மா ரெண்டுதானே?
— ஒரு வாசகர், விருத்தாசலம்

புதுச்சேரிச் சரக்கு தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வண்டியையும் பிடித்துவைப்பார்கள். கடலூருக்குள் நுழையும்போதே ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருக்கிறது. பின்சீட்டில் உங்கள் மாமியார் இருக்கும்போது டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பெட்ரோல் வேண்டுமானால் புதுச்சேரியில் நிரப்பிக்கொண்டு வாருங்கள், விலை குறைவு, யாரும் கேட்கமாட்டார்கள்.