ஓடிஎஸ்பி எடுப்பவர் வேலைக்குப் போனால் எவ்வளவு வெட்டுவார்கள்?

கனடாவின் ஸ்காபரோ வாசகர் ஒருவர் கேட்கிறார்: முதுகில் அடிபட்டு ஓடிஎஸ்பி (ஊனமுள்ளோருக்கு ஒன்ராறியோ மாகாண அரசு தரும் மாத உதவிப்பணம்) எடுக்கிறார். தெரிந்தவரின் கடையில் பகுதிநேர வேலை இருக்கிறது, வரி எல்லாம் போக மாதம் 1,200 டொலர் வரும். ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே உதவிப்பணமும் மருந்து அட்டையும் போய்விடும் என்று யாரோ பயமுறுத்த, கடைக்காரர் “அப்ப கையில காசாத் தரட்டா?” என்கிறாராம்.

வேண்டவே வேண்டாம். முதலில் கணக்கு. 2023 பெப்ரவரியிலிருந்து, உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் முதல் 1,000 டொலரைத் தொடமாட்டார்கள். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு டொலருக்கும் உதவிப்பணத்தில் 75 சதம் வெட்டு. உங்களுக்கு மேலதிகம் 200, வெட்டு 150. சம்பளம் வந்த மாதத்துக்கு வேலைக் கொடுப்பனவாக 100 டொலரும் தருவார்கள். ஆக, 1,200 உழைத்து நீங்கள் இழப்பது 50. இதற்குத்தான் இவ்வளவு பயம்.

ஆனால் இந்த 1,000 உங்களுக்குத்தான், உங்கள் மனைவிக்கு அல்ல. அவருக்கு ஊனம் இல்லையென்றால் அவருடைய சம்பளத்தில் 200 டொலர்தான் விடுவார்கள், மிச்சத்தில் பாதியை வெட்டுவார்கள். அவர் 1,200 உழைத்தால் வெட்டு 500. “உன்ர வேலையை மனுசியின்ர பேரில போடு” என்று அறிவுரை சொல்லும் ஆட்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பொய்க்கணக்கு வேறு, நட்டமும் வேறு.

காசு வேலை அதைவிட மோசம். ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி) இல்லை, சிபிபி (கனடா ஓய்வூதியம்) சேராது, கடையில் விழுந்து அடிபட்டால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே அத்தாட்சி இல்லை, பிறகு ஒருநாள் யாராவது காட்டிக்கொடுத்தால் மாதக்கணக்கில் எடுத்த உதவிப்பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும், அப்போது கடைக்காரர் உங்களைத் தெரியாது என்பார். “ஓடிஎஸ்பி ஆட்களுக்கு வேலை எடுத்துத் தருகிறேன், பதிவுக்கு முதலில் காசு கட்டு” என்பவரையும் கிட்ட எடுக்காதீர்கள். வேலை தேட உதவும் அரசின் எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ சேவைகள் இலவசம்.

சரி, வேலை ஒத்துவராமல் உதவிப்பணத்துக்குத் திரும்ப வேண்டி வந்தால்? சம்பளம் கூடியதால் ஓடிஎஸ்பியிலிருந்து வெளியே போனவரைத் திரும்பச் சேர்க்க விரைவு வழி இருக்கிறது, பொதுவாக மருத்துவப் படிவங்களோடு ஆரம்பத்திலிருந்து மல்லுக்கட்டத் தேவையில்லை. வெளியே போகும்போது வேலையிடத்தில் மருந்துக் காப்புறுதி இல்லையென்றால் அதற்கும் தனி உதவி இருக்கிறது. இதையெல்லாம் உங்கள் கோப்பைப் பார்க்கும் ஓடிஎஸ்பி அலுவலர், அதாவது கேஸ் வேர்க்கர், தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். போன் எடுத்தால் மெசேஜ் பெட்டி, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஆளே மாறியிருப்பார்.

அதனால் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பே ஸ்டப்பை (சம்பளத் துண்டை) படமெடுத்து ஓடிஎஸ்பியின் இணையக் கணக்கான மைபெனிஃபிட்ஸில் ஏற்றுங்கள், அனுப்பியதற்கான திரையையும் படமெடுத்து வையுங்கள். பிழையாக வெட்டினால் 30 நாட்களுக்குள் உள்ளக மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை உங்கள் பகுதி லீகல் கிளினிக்கில் (சட்ட உதவி நிலையத்தில்) காசில்லாமலே எழுதித் தருவார்கள்.