தண்ணீர் தெளிவாக இருந்தும் கோமாளி மீன் குஞ்சுகள் சாவது ஏன்?

கேள்வி: மண்டபம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, 500 லிட்டர் தொட்டி நான்கு வைத்திருக்கிறேன். கடல் தண்ணீரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து நிரப்பி, தொட்டிக்கு 300 ஓரங்குலக் கோமாளி மீன் குஞ்சுகளை உடனே விட்டுவிட்டேன். தொட்டி ஒன்றுக்கு நாளைக்கு 10 கிராம் தீவனம். புரதம் 40 சதவீதம். ஐந்தாம் நாளிலிருந்து குஞ்சுகள் ஏர் ஸ்டோன் பக்கம் ஒதுங்கி, வேகமாக மூச்சு வாங்கிச் சாகின்றன. தண்ணீர் கண்ணாடி போல் இருக்கிறது. ஜியோலைட், ஆன்டிபயாடிக் பவுடர் இரண்டும் போட்டுப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தினமும் குழாய்த் தண்ணீரில் அலசுகிறேன். சாவு நிற்கவில்லை ஐயா. இது என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, அம்மோனியா. நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

மீன் தின்னும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீருக்கே வந்துவிடும். 40 சதவீதப் புரதத் தீவனம் ஒரு கிலோ போட்டால் ஏறத்தாழ 37 கிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். உங்கள் 10 கிராமுக்கு 370 மில்லிகிராம். 500 லிட்டரில் அது லிட்டருக்கு 0.7 மி.கி.க்குச் சற்று மேல். இது ஒரு நாள் கணக்கு. ஐந்து நாளில் 3.7 மி.கி. ஆகிவிடும். கடல் நீரின் பி.எச். 8.2, வெப்பம் 28 டிகிரி என்றால் அதில் 8 சதவீத அளவு செவுளுக்குள் புகும் விஷ வடிவில் இருக்கும். அதாவது 0.3 மி.கி. இந்த விஷப் பங்கு 0.02 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பதே குஞ்சுகளுக்கு நல்லது. பி.எச். 7.2 உள்ள நன்னீர்த் தொட்டியில் இதே அம்மோனியாவில் 1 சதவீதம்தான் விஷமாக இருக்கும். நன்னீரில் தப்பித்துப் போகும் தவறு கடல் நீரில் உயிரை எடுப்பது இதனால்தான். இந்த அளவில் அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண்ணாடி போன்ற தெளிவை நம்ப வேண்டாம். சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாகவே நின்றால்தான் தண்ணீர் நல்ல தண்ணீர், பச்சை ஏற ஏற ஆபத்து. கடல் நீருக்கும் பொருந்தும் சாலிசிலேட் வகைக் கிட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்றைக்கே தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்கள். காலையில் பாதித் தண்ணீரும் மாலையில் பாதித் தண்ணீரும் மாற்றினால் அம்மோனியா நாலில் ஒரு பங்குக்கு இறங்கும். மறுநாள் சோதித்து, மொத்த அம்மோனியா லிட்டருக்கு 0.25 மி.கி.க்கு மேல் இருந்தால் இன்னொரு முறை பாதி மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். குளோரின் துளியும் இருக்கக் கூடாது: 1000 லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் போட்டு ஒரு நாள் விட்டு, இன்னொரு நாள் வேகமாகக் காற்று ஓட்டி, குளோரினைக் காட்டும் ஆர்த்தோடாலிடின் சொட்டில் மஞ்சள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டு மறுபடி சோதியுங்கள். இந்த நேரத்தில் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள். பி.எச். 8.2-லிருந்து 8.5-க்கு ஏறினாலே விஷப் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஜியோலைட் நன்னீரில் அம்மோனியாவைப் பிடிக்கும். கடல் நீரில் சோடியம் முந்திக்கொண்டு அந்த இடங்களை அடைத்துவிடுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்தக் காசு வீண். மற்ற இரண்டும் கெடுதலே செய்தன. ஃபில்டரில் குடியேற வேண்டிய பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் தாக்கியது. மிஞ்சியதைக் குழாய்த் தண்ணீரின் குளோரினும் உப்பில்லாத தண்ணீரும் கொன்றன. ஸ்பாஞ்சைப் பத்து நாளுக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த கடல் நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

உங்கள் தொட்டியில் இல்லாமல் போனது அந்தப் பாக்டீரியாதான். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவை மெதுவாகப் பெருகும். கடல் நீரில் நன்னீரை விடவும் மெதுவு. ஆகவே மீனுக்கு முன்னால் இவற்றை வளர்த்தெடுக்க வேண்டும். பிழைத்த குஞ்சுகளை இரண்டு தொட்டிக்கு மாற்றி, குறைந்த தீவனத்தோடு தினம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றுங்கள். காலியான இரண்டையும் இப்படித் தயார் செய்யுங்கள்.

பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் பந்தான பயோபால் அல்லது நன்றாகக் கழுவிக் காயவைத்த சிப்பி ஓட்டை, தொட்டி அளவில் பத்தில் ஒரு பங்கு, தண்ணீர் ஓடும் ஃபில்டர் பெட்டியில் நிரப்புங்கள். கரையில் கிடக்கிறதே என்று பவளக் கல்லை எடுத்து வராதீர்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். காற்றை ஓட்டிவிட்டு 4 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்து ஊற்றினால் 500 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நிற்கும். யூரியா வேண்டாம், அது அம்மோனியாவாக மாறும் வேகம் நம் கையில் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு மீனை விட்டுவிடுகிறார்கள். அம்மோனியா இறங்கும்போதெல்லாம் 2 கிராம் போட்டுக்கொண்டே வாருங்கள், நிறுத்தினால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். முழு 4 கிராம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளி பயோபால் கிடைத்தால் நாள் நன்றாகக் குறையும். பிறகு பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றி, முதல் வாரம் 100 குஞ்சு மட்டும் விடுங்கள்.

தயாரான தொட்டியில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். லிட்டருக்கு 50 மி.கி.க்குள் இருக்கும்படி வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7 கிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். வாரக்கணக்கில் பி.எச். மெல்ல இறங்கி 7.8-க்கு வந்தால், அம்மோனியா பூஜ்யம்தானா என்று உறுதி செய்துகொண்டு 15 கிராம் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். வெயிலில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகக் குளோரின் இல்லாத நன்னீர்தான் ஊற்ற வேண்டும். கடல் நீர் ஊற்றினால் உப்பு லிட்டருக்கு 35 கிராமைத் தாண்டிப் போகும். தொட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரி ஏரேட்டரின் ஒரு குழாயைத் தொட்டிக்கும் இன்னொன்றை ஃபில்டர் பெட்டிக்கும் கொடுங்கள். பெட்டி பல மணி நேரம் அப்படியே நின்றிருந்தால், மோட்டாரைப் போடுமுன் அதன் அடித் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் பெட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே கொட்டி, பயோபாலைக் கடல் நீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.